மசாலா விழுவதற்கு முன் ஒரு கிண்ணம்: செட்டிநாட்டில் சின்னப் பிள்ளைகளோடு வெளியே சாப்பிடப் போகிறவர்களுக்கு

விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் பையை இறக்கி வைத்த கையோடு கேட்பது இதைத்தான்: "பிள்ளைங்களுக்கு இங்க என்னத்த வாங்கிக் குடுக்குறது? எல்லாம் காரமாச்சே!" கேட்டுவிட்டு, தாங்கள் மட்டும் மெஸ்ஸில் போய் ஒரு கட்டு கட்டுவார்கள். பிள்ளைகள் மூன்று நாளும் பிஸ்கட்டிலும் வெறும் தயிர்சாதத்திலும் ஓட்டும். காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்து நாக்கு எனக்கு. மூத்தவனுக்கு அப்போது மூன்று வயது.

செட்டிநாடு என்றாலே மிளகும் வரமிளகாயும் என்று ஆனதில் வெளியூர் ஹோட்டல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இங்குள்ள வீடுகளில் சாப்பிட்டுப் பார்த்தால் காரத்தைவிட வாசனைதான் முன்னால் நிற்கும். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு எல்லாம் அதற்காகச் சேர்ப்பவைதான். அதோடு, இந்தச் சமையலில் பிள்ளைகளுக்கென்றே செய்தது போல ஒரு பாதி இருக்கிறது: இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், பால் பணியாரம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி, கும்மாயம், உக்காரை. மெனு கார்டில் இதில் முக்கால்வாசி இருக்காது. கேட்டால்தான் வரும், அதுவும் நேரத்தோடு கேட்டால்தான். எந்த நேரத்தில், யாரிடம், எப்படிக் கேட்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், எந்த மாதிரி இடம் என்று முடிவு செய்யுங்கள்

இங்கே சாப்பாட்டுக் கடைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, மெஸ். காரைக்குடி டவுனில் நிறைய உண்டு. ருசி இங்கேதான். ஆனால் இடம் குறுகல், மதியம் ஒரு மணிக்கு மேல் ஆள் எழுந்திருக்க ஆள் காத்துக்கொண்டு நிற்பார்கள். உங்கள் பிள்ளை ஒவ்வொரு பருக்கையாக எண்ணிச் சாப்பிடும் ரகமாக இருந்தால், பின்னால் நிற்பவரின் பார்வை உங்கள் முதுகில் சுடும்.

இரண்டு, சைவ ஹோட்டல்கள். இட்லி, தோசை, பொங்கல். இதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எந்த ஊரிலும் பிள்ளைகளைக் காப்பாற்றுகிற இடம் இது, இங்கேயும் அப்படியே. சட்னியை மட்டும் நம்பிவிடாதீர்கள். சிவப்பாக இருப்பது வெறும் தக்காளி என்று நினைத்து வாயில் வைத்தால், வரமிளகாயும் பூண்டும் அரைத்ததாக இருக்கும்.

மூன்று, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பழைய வீடுகளை மாற்றி நடத்தும் தங்கும் விடுதிகள். காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்', திருமயம் பக்கம் கடியாபட்டியில் 'சிதம்பர விலாஸ்' போன்றவை. விலை கூடுதல்தான். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு வேளையாவது இங்கே சாப்பிடுவது நல்லது என்பேன். உட்கார இடம் தாராளம், பேபி சேர் கிடைக்க வாய்ப்பு உண்டு, பாத்ரூம் சுத்தமாக இருக்கும். முக்கியமாக, சமையல்காரரிடம் பேசலாம்.

கைக்குழந்தையோ, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையோ இருந்தால் முதல் நாளே மெஸ்ஸில் இறங்காதீர்கள். நான்கு வயதுக்கு மேல் என்றால் தைரியமாகப் போகலாம்.

முந்தின நாளே போன்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

இலையில் உட்கார்ந்த பிறகு "அண்ணே, காரம் கம்மியா" என்று சொல்வதில் பயனே இல்லை. குழம்பு காலையிலேயே பெரிய பாத்திரத்தில் கொதித்து முடிந்திருக்கும். அதிலிருந்து காரத்தை யாரும் திரும்ப எடுக்க முடியாது. பரிமாறுகிறவர் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு அதே குழம்பைக் கொஞ்சமாக ஊற்றுவார். அவர்மேல் குற்றமில்லை. வேறு வழி அவருக்கும் இல்லை.

காரம் எப்போது விழுகிறது என்று தெரிந்துகொண்டால் கேட்பது எளிது. கோழியை வெங்காயம், மஞ்சளோடு வதக்கி, அப்புறம்தான் அரைத்த மசாலாவைச் சேர்ப்பார்கள். அதற்கு முன்னால் நாலு துண்டு எடுத்துத் தனியாக உப்பு, மஞ்சள் போட்டு வேகவைப்பது சமையற்கட்டில் ஐந்து நிமிட வேலை. சாம்பாருக்கு வேகவைத்த பருப்பும் அப்படித்தான். புளியும் பொடியும் சேர்ப்பதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தால் அன்றைக்குப் பிள்ளையின் சாப்பாடு முடிந்தது. உப்புக்கூடப் போடாத பருப்பு வேண்டுமென்றாலும் அந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

ஆகவே முந்தின நாள் சாயங்காலம், கூட்டம் இல்லாத நேரமாக நாலு மணி வாக்கில் கூப்பிடுங்கள். நான் வழக்கமாகச் சொல்வது இப்படி:

"அண்ணே, நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஆறு பேர் வர்றோம். அதுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க, மூணு வயசு, ஏழு வயசு. அவங்களுக்கு மசாலா போடுறதுக்கு முன்னாடி நாலு துண்டு கோழி, ஒரு கிண்ணம் பருப்பு எடுத்து வைக்க முடியுமாண்ணே?"

வயதைச் சொல்வது முக்கியம். 'குழந்தை' என்று மட்டும் சொன்னால் பத்து வயதுப் பையனை நினைத்துக்கொள்வார்கள். நடத்துகிறவர் வயதான பெண்மணியாக இருந்தால் "ஆச்சி" என்று கூப்பிடலாம், இந்த ஊரில் அது மரியாதையான அழைப்பு. பிள்ளைக்கு மூன்று வயது என்று கேட்டவுடன் பாதிப் பேர், "இடியாப்பம் போட்டு வைக்கட்டா?" என்று அவர்களாகவே கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பழைய வீட்டு விடுதிகளில் தங்காமல் சாப்பிட மட்டும் போகிறீர்கள் என்றால் போன் கட்டாயம். அவர்கள் வருகிற ஆள் கணக்குக்குத்தான் சமைப்பார்கள். இது தெரியாமல் ஒருமுறை ஒரு விடுதிக்கு நேராகப் போய் நின்றோம், மதியம் ஒன்றரை மணி, பசியில் இரண்டு பிள்ளைகள். "சாப்பாடு முடிஞ்சிருச்சுங்களே" என்றார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு காரைக்குடிக்கு வருவதற்குள் சின்னது அழுது தூங்கியே போனது.

கவுனி அரிசி வேண்டுமென்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பர்மாவுக்கு வியாபாரம் செய்யப் போன நகரத்தார் வழியாக இங்கே வந்த கறுப்பரிசி அது. நன்றாக ஊற வேண்டும், நேரம் எடுத்து வேக வேண்டும். சர்க்கரையும் தேங்காய்த்துருவலும் நெய்யும் போட்டு ஊதா நிறத்தில் வரும்போது, எதையும் தொடாத பிள்ளைகூட ஒரு விரலால் தொட்டுப் பார்க்கும்.

ஒவ்வாமை இருந்தால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். குருமாவிலும் கெட்டிக் குழம்புகளிலும் முந்திரி, கசகசா, தேங்காய் அரைத்துவிடுவது சகஜம். பொரிப்பதற்குக் கடலை எண்ணெய் பயன்படுத்தும் சமையற்கட்டுகளும் நிறைய. நிலக்கடலை ஆகாத பிள்ளை என்றால் "என்ன எண்ணெய்?" என்று ஒரு வார்த்தை கேட்டே ஆக வேண்டும்.

நேரம்

மதியச் சாப்பாட்டுக்கு 12 மணி. 12.30 கூடப் பரவாயில்லை. ஒரு மணி என்றால் வேண்டாம். முதல் பந்தி மாதிரி உட்கார்ந்தால் எல்லாம் சூடாக இருக்கும், பரிமாறுகிறவருக்கும் பொறுமை இருக்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் நல்ல வகைகள் தீர்ந்து, காரமானவை மட்டும் மிஞ்சியிருக்கும்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் சில உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ் பக்கமே போகாதீர்கள். முகூர்த்த நாட்களில் ஊரின் நல்ல சமையல் கைகளில் பாதி கல்யாண வீடுகளில் இருக்கும். சங்கடஹர சதுர்த்தி, விநாயகர் சதுர்த்தி என்றால் பிள்ளையார்பட்டிச் சாலையில் உள்ள கடைகள் திமிலோகப்படும். தைப்பூசத்தை ஒட்டி, பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டத்தால் குன்றக்குடிப் பக்கமும் அப்படியே. மாறாக, புரட்டாசியில் அசைவம் சாப்பிடாதவர்கள் அதிகம் என்பதால் அசைவ மெஸ்கள் காற்றாடும். உங்களுக்கு அந்த விரதம் இல்லையென்றால் பிள்ளைகளோடு போக அதைவிட நல்ல மாதம் கிடையாது.

சித்திரை, வைகாசி வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். வந்துவிட்டீர்கள் என்றால் மதியம் தயிர்சாதமும் நுங்குமாக முடித்துக்கொண்டு, கனமான சாப்பாட்டை இரவு ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்கள்தான் சரியான காலம்.

கிளம்புவதற்கு முன்

ஓடவிட்டுக் கூட்டிப் போங்கள். காரில் ஒன்றரை மணி நேரம் கட்டிவைத்த பிள்ளையை நேராக இலை முன் உட்காரவைத்தால் அது நிலைக்காது. மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்தால் காரைக்குடிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். திருச்சிப் பக்கமிருந்து வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குத் திருமயம் கோட்டையில் இறங்கிவிடுங்கள். மேலே ஏறிப் பீரங்கியைப் பார்த்துவிட்டு இறங்கினால் நல்ல பசி எடுத்திருக்கும். பாறை சுடுவதற்குள் இறங்கிவிட வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டும். மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தால், குளிர்காலத்தில் பறவைகள் வந்திருக்கும். அந்தப் பறவைகள் மிரளக்கூடாது என்று சுற்றுப்பட்டுக் கிராமத்தார் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. இதைச் சொல்லி என் பையனை அங்கே அரைமணி நேரம் சத்தம் போடாமல் வைத்திருந்தேன், என் சாதனைகளில் அது ஒன்று.

ஆனால் பட்டினி போட்டுக் கூட்டிப் போகாதீர்கள். பதினொரு மணிக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துவிடுங்கள். கொலைப்பசியில் இருக்கும் பிள்ளை புதிதாக எதையும் தொடாது, அழத்தான் செய்யும்.

பையில் இவை இருக்கட்டும்: மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா, பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் கரண்டி, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஈரத் துடைப்பான், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு பழைய துண்டு. டயப்பர் மாற்ற மெஸ்களில் இடமிருக்காது, காரிலேயே மாற்றிவிட்டு உள்ளே போங்கள். பழைய துண்டு எதற்கு என்று கேட்பீர்கள். ரசம் ஊற்றியதும் தெரியும்.

இலையும் இடமும்

உள்ளே போனதும் ஏ.சி. ரூம் இருக்கிறதா என்று கேளுங்கள். வெயிலுக்காக மட்டும் அல்ல, அங்கே சத்தமும் நெருக்கடியும் குறைவு. இல்லையென்றால் சுவரோர மேசை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்திலும், சமையற்கட்டு வாசலுக்கு நேராகவும் உட்காராதீர்கள். கொதிக்கும் குழம்பு வாளியோடு ஆள் ஓடும் வழி அது. பிள்ளையைச் சுவர்ப்பக்கம் போட்டு, நீங்கள் வழிப்பக்கம் உட்காருங்கள்.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இலை வேண்டாம். இழுக்கும், கிழிக்கும், ரசம் மடியில் ஓடும். ஒரு தட்டு கேளுங்கள், தட்டின்மேல் ஒரு துண்டு இலையைக் கிழித்துப் போட்டுக் கொடுத்தால் "எனக்கும் இலை" என்ற சண்டையும் வராது. அதைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு "சின்ன இலையாப் போடுங்கண்ணே" என்றால் போதும். நுனி இடப்பக்கம் வர வேண்டும், வேண்டாம் என்றால் கையை இலைமேல் குறுக்கே காட்ட வேண்டும், சாப்பிட்டு முடித்தால் நம்மை நோக்கி மடிக்க வேண்டும் என்று இந்த மூன்றையும் காரிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். கையைக் காட்டிப் பரிமாறுகிறவரை நிறுத்துவது பிள்ளைகளுக்குப் பெரிய அதிகாரம் கிடைத்த மாதிரி. என் மகள் வேண்டும் என்கிற அப்பளத்துக்கும் கையைக் காட்டி நிறுத்துவாள்.

பரிமாறுகிறவர் வருவதற்குள் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்: "பிள்ளைங்களுக்கு முதல்ல போட்டுடுங்கண்ணே. அந்த இலைக்கு ஊறுகாய் வேண்டாம்." ஊறுகாயும் பொரியலும் முதலில் இலைக்கு வந்துவிடும், பிள்ளையின் விரல் முதலில் போவதும் அந்தச் சிவப்பு நிறத்துக்குத்தான்.

எதைக் கொடுக்கலாம், எதில் ஏமாறுவோம்

சோறு விழுந்ததும் பருப்பும் நெய்யும். எல்லா ஊரிலும் பிள்ளைகளுக்கு இதுதான் தொடக்கம், இங்கே நெய்யைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுவார்கள். அதோடு எடுத்து வைக்கச் சொன்ன கோழி. எலும்பை நீங்களே எடுத்துவிட்டு நாராகப் பிய்த்துக் கொடுங்கள். காடை ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அதன் எலும்பு ஊசி மாதிரி. ஐந்து வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மீன் என்றால் நடுமுள் மட்டும் உள்ள பெரிய மீனாகக் கேட்டு, துண்டைக் கையால் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். குழம்பில் முழுசாகக் கிடக்கும் ஏலக்காய், கிராம்பு, மராட்டி மொக்கு இவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சின்னத் தொண்டையில் சிக்கும், கடித்தாலோ அதோடு சாப்பாட்டையே வெறுத்துவிடும்.

முட்டை நல்ல துணை. அவித்த முட்டை, அல்லது மிளகுத்தூள் இல்லாத ஆம்லெட். 'மிளகுத்தூள் இல்லாமல்' என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். இங்கே ஆம்லெட்டுக்கு மிளகு தூவுவது கைப்பழக்கம், கை தானாகப் போகும்.

இனி ஏமாற்றுகிறவை. பார்க்கச் சாதுவாக இருந்து பிள்ளையை அழவைப்பவை மூன்று.

முதலாவது ரசம். தண்ணியாகத்தானே இருக்கிறது என்று ஊற்றிவிடுவோம். மிளகு ரசமும் நண்டு ரசமும் சளி பிடித்த பெரியவர்களுக்கு அமிர்தம், மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படி இல்லை. நாட்டுக்கோழி சூப்புக்கும் இதே எச்சரிக்கை.

இரண்டாவது சீயம். இதில் இனிப்பும் உண்டு, மசாலாவும் உண்டு. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரி உருண்டையாக, வெளிறிய பொன் நிறத்தில் இருக்கும். ஒன்றுக்குள் தேங்காய்ப் பூரணம், இன்னொன்றுக்குள் பச்சைமிளகாய். குழிப்பணியாரத்திலும் இனிப்பு, காரம் இரண்டும் உண்டு. எதையும் பிட்டுப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். பிட்டால் உள்ளே இருக்கும் சூடும் வெளியேறும். வெளியே ஆறியிருந்தாலும் பூரணம் கொதித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது உருளைக்கிழங்கு வறுவல். "என் பிள்ளை உருளைக்கிழங்கு என்றால் உயிரை விடும்" என்று சொல்லி ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிளகாயும் சோம்பும் பூண்டும் போட்டு மொறுமொறுவென்று வறுத்தது அது. வாழைக்காய் சிப்ஸோ அப்பளமோ கேளுங்கள்.

கறிக்கோலா உருண்டை நடுவாந்திரம். மெத்தென்று இருக்கும், எலும்பு இருக்காது, காரம் கடைக்குக் கடை மாறும். நீங்கள் ஒரு வாய் தின்றுவிட்டு முடிவு செய்யுங்கள். (ஒரு வாய் என்றுதான் சொன்னேன்.)

கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதம் முடிந்து, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு உப்பில்லாத மசித்த பருப்பும் குழைந்த சோறும் போதும். உப்பும் சர்க்கரையும் சேர்த்த எதுவும் தேவையில்லை, தேன் கூடவே கூடாது. பக்கத்து மேசைப் பாட்டி அன்பாக ஒரு விரல் இனிப்பை நாக்கில் வைக்க வருவார். "டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார் ஆச்சி" என்று சொல்லுங்கள், டாக்டரோடு யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள்.

காரம் ஏறிவிட்டால்

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. மூத்தவனுக்கு நான்கு வயது, ஒரு மெஸ்ஸில் என் இலையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டான். அதோடு ஒட்டியிருந்த வரமிளகாயையும் சேர்த்துக் கடித்துவிட்டான். நான் பதறிப்போய்த் தண்ணீரைக் கொடுத்தேன். அழுகை இரண்டு மடங்கானது. கடையே திரும்பிப் பார்த்தது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கரண்டி கெட்டித்தயிரில் சர்க்கரை போட்டு நேராக அவன் வாயிலேயே ஊட்டிவிட்டார். "தண்ணி குடுத்தா காரம் பரவும்மா" என்றார். அவர் சொன்னது சரி. மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது, தண்ணீர் அதை வாய் முழுக்கக் கொண்டுபோகத்தான் செய்யும். பாலிலும் தயிரிலும் உள்ள புரதம் அதைப் பிடித்து நாக்கிலிருந்து விலக்கும்.

அன்றிலிருந்து இலை விழுந்தவுடன் நான் முதலில் கேட்டு வாங்குவது ஒரு கிண்ணம் தயிர். அது கடைசிவரை பிள்ளை பக்கத்திலேயே இருக்கும். காரக் கையோடு கண்ணைத் தேய்க்கவும் விடாதீர்கள், உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

பழைய வீடுகளில் கவனிக்க வேண்டியவை

செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தவுடன் பிள்ளைகள் ஓடத்தான் செய்யும். முகப்பில் நின்று பார்த்தால் வளவு என்கிற உள் முற்றத்தைத் தாண்டிக் கடைசிக் கட்டு வரைக்கும் நேர்க்கோடாகத் தெரியும். அப்படி ஒரு ஓட்டப்பாதையை யார்தான் சும்மா விடுவார்கள்? ஓடட்டும், ஆனால் முதல் சுற்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு.

நிலைப்படிகள் உயரமானவை, ஓடும் கால் தட்டும். வளவு நடுவில் திறந்தவெளி, அதன் ஓரத்தில் கல்விளிம்போடு ஒரு பள்ளம் இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழவழப்பாக, சில்லென்று இருக்கும், பிள்ளைகள் அதில் படுத்துப் புரளுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். ஆனால் தண்ணீர் பட்டால் வழுக்கும். கை கழுவிவிட்டு வரும்போது விழுவதுதான் அதிகம். நீச்சல் குளம் உள்ள விடுதியானால் அது எந்தப் பக்கம் என்று வந்தவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் இருக்கும் பீங்கானும் கண்ணாடியும் பாட்டன் காலத்துச் சாமான்கள். உங்கள் பிள்ளை கைநீட்டும் ரகமென்றால் "வளவுப் பக்கம் இடம் போடுங்க" என்று கேளுங்கள்.

இங்கே பரிமாறுவது மெஸ் வேகத்தில் இருக்காது. ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக வரும், ஒரு மணி நேரம் ஆகும். பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்து முடித்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் பெரியவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் பிள்ளைகளோடு தூண்களை எண்ணலாம், தரையில் உள்ள பூக்களின் நிறம் சொல்லச் சொல்லலாம். போனைக் கையில் கொடுக்காமலே அந்த ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஓடாவிட்டால் போனையே கொடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சாயங்காலப் பலகாரம்

செட்டிநாட்டில் பிள்ளைகளோடு ஒரே ஒரு வேளைதான் வெளியே சாப்பிட முடியும் என்றால் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நாலரை மணிப் பலகாரத்துக்குப் போங்கள் என்பதுதான் என் தனிப்பட்ட கட்சி. கூட்டம் இல்லை, வெயில் இறங்கியிருக்கும், பிள்ளை தூங்கி எழுந்திருக்கும், கேட்பதெல்லாம் மெத்தென்று இருக்கும்.

வெள்ளைப் பணியாரத்தில் தொடங்குங்கள். பச்சரிசியை ஒரு ஆழாக்கு அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டையும் சேர்த்து அரைத்து எண்ணெயில் ஊற்றுவது. அரிசியும் உளுந்தும் உப்பும்தான், காரமெல்லாம் தொட்டுக்கொள்ளும் சட்னியில். பிள்ளைக்குச் சட்னிக்குப் பதில் கொஞ்சம் சர்க்கரை. இதே மாதிரி மாவைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பொரித்துத் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டால் பால் பணியாரம். ஒரு வயது தாண்டியும் பல் முளைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஊறி மெத்தென்றான பணியாரத்தைக் கரண்டியால் நசுக்கிக் கொடுக்கலாம். கந்தரப்பம், கல்கண்டு வடை இரண்டும் எண்ணெய்ப் பலகாரம், ஆளுக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். கும்மாயம் கிடைத்தால் விடாதீர்கள். பருப்பு மாவும் கருப்பட்டியும் நெய்யும், அல்வா மாதிரி நாக்கில் இறங்கும்.

இந்தப் பலகாரங்களெல்லாம் எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது. "இன்னைக்கு என்ன பணியாரம்?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

ஊருக்குக் கட்டிக்கொண்டு போக காரைக்குடியில் பலகாரக் கடைகள் நிறைய இருக்கின்றன, எடைபோட்டுத் தருவார்கள். தேன்குழல், அதிரசம், சீப்புச்சீடை, மாவுருண்டை எல்லாம் சில நாள் தாங்கும். பணியார வகைகள் அன்றைக்கே தின்று முடிக்க வேண்டியவை, தேங்காய்ப்பால் சேர்ந்ததைக் காரில் வைத்துச் சென்னை வரை கொண்டுபோக ஆசைப்படாதீர்கள். சீப்புச்சீடை கடினம், பல் சரியாக முளைக்காத பிள்ளைக்கு ஆகாது. மாவுருண்டை வாயில் வைத்ததும் மாவாக உதிரும், ஓடும் காரில் பின்சீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் புரையேறும். வண்டியை ஓரமாக நிறுத்தி, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அப்புறம் கொடுங்கள்.